ஜியோகேச் மெனு காலியாகவே இருக்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஜியோகேச்சிங், அதாவது மறைத்துவைத்த கேச் பெட்டிகளை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு ஆடுகிறேன். பாக்கெட் குவரியில் (கேச் பட்டியலை மொத்தமாக இறக்கித் தரும் இணைய வசதி) வந்த ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருந்த இரண்டு ஜிபிஎக்ஸ் (இடப் புள்ளிகளும் விவரங்களும் கொண்ட) கோப்புகளையும் கையடக்க ஜிபிஎஸ் கருவியின் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் போட்டேன். முறையாக எஜெக்ட் செய்துதான் கேபிளைக் கழற்றினேன். ஆனால் வண்டி நிறுத்துமிடம் போன்ற துணைப் புள்ளிகள் மட்டும் வரைபடத்தில் சின்னக் கொடிகளாக நிற்கின்றன. கேச் ஒன்றுகூட இல்லை.

முன்பு எல்ஓசி என்ற இன்னொரு வகைக் கோப்பு போட்டபோது பெயரும் ஆயத்தொலைவும் வந்தன. கேச்சின் விவரமும், தேடுவதற்கான குறிப்பும் வரவில்லை. மரத்தடியில் நின்றுகொண்டு குறிப்பே இல்லாமல் தேடுவது ரொம்பக் கஷ்டம். அதனால்தான் ஜிபிஎக்ஸுக்கு மாறினேன்.

கோப்பில் 1000 கேச்கள் இருக்கின்றன. எண்ணிக்கை அதிகமா? மெமரி கார்டில் வைத்தால் படிக்குமா? ஞாயிறு காலை மகளைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். சரிசெய்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.