ஒரு பிரிண்ட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை: டார்க் ரூம் இன்னும் எதற்கு?

இருட்டறைவாசி:
நேற்று முழுக்க, ஃபிலிம் போட்டோவைக் கையால் பிரிண்ட் போடும் டார்க் ரூமாகக் குளியலறையை மாற்றி, அதற்குள் அடைந்து கிடந்து ஒரே ஒரு 8×10 அங்குலப் பிரிண்ட் போட்டேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஸ்டூல்மேல் நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர், தரையில் படத்தை வரவைக்கும் டெவலப்பர், அதை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ என்று மூன்று தட்டு. ஆறு தாள் வீண். ஏழாவது தாள் சிவப்பு விளக்கில் பத்துப் பதினைந்து நொடி சும்மா வெள்ளையாகக் கிடந்தது, அப்புறம் பாட்டியின் சேலைக்கரை கறுத்தது, புருவம் வந்தது, முகம் கடைசியாக வந்தது. பத்து வருடமாகக் கம்ப்யூட்டரில் லைட்ரூம் என்கிற போட்டோ திருத்தும் மென்பொருளில் ஸ்லைடர் தள்ளுகிறேன், ஒரு நாளும் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

பிக்சல்பாண்டி:
ஆறு தாள் வீண் என்பதைப் பெருமையாகச் சொல்கிற ஒரே கூட்டம் நீங்கள்தான் பாஸ். அதே நெகட்டிவை ஸ்கேன் செய்து பரைட்டா என்கிற உயர்தரப் போட்டோ தாளில் நல்ல பிக்மென்ட் மையில் பிரிண்டரில் அடித்து சட்டம் போட்டு மாட்டுங்கள், பத்தடி தள்ளி நின்று எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள்? "டார்க் ரூமில் பொய் கிடையாது" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் 1954-ல், ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்திய டாக்டர் ஆல்பர்ட் ஷ்வைட்சரின் படத்தில் இன்னொரு நெகட்டிவிலிருந்து ரம்பப் பிடியையும் ஒரு கையையும் சேர்த்துப் பிரிண்ட் போட்டவர்.

இருட்டறைவாசி:
பொய் உண்மை பேச்சையே நான் எடுக்கவில்லையே. இயற்கைக் காட்சிப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்கர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலா படத்தைப் பாருங்கள். ஒரே நெகட்டிவ், வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேல் பிரிண்ட் போட்டார். ஆரம்பகாலப் பிரிண்ட்களில் வானத்தில் மேகக் கீற்று தெரியும், பிற்காலத்தில் வானம் ஏறக்குறைய முழுக்கறுப்பு. ஒவ்வொரு தடவையும் கையால் மறைத்தும் கூடுதல் வெளிச்சம் காட்டியும் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டும். மனிதருக்கு வயதாக ஆக வானமும் மாறியது.

பிக்சல்பாண்டி:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! அந்த மறைப்பும் கூடுதல் வெளிச்சமும் இன்றைக்கு மென்பொருளில் மாஸ்க், படத்தில் வேண்டிய இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்துவது. ஒரு தடவை சரியாகச் செய்தால் நூறு பிரிண்ட்டும் ஒன்றுபோல வரும். அவர் கையில் இது இருந்திருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்?

பழைய ஸ்டூடியோக்காரன்:
நடுவில் வருகிறேன், தம்பிகளா. பதினெட்டு வருடம் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டவன் நான். கல்யாண சீசனில் ராத்திரி முழுக்க அந்த இருட்டில்தான். டெவலப்பரில் இருக்கிற மெட்டால் ரசாயனம் பட்டு விரலெல்லாம் வெடித்து அரிக்கும். சென்னை வெயிலில் குழாய்த் தண்ணீர் முப்பது டிகிரிக்கு மேல் போகும், டெவலப்பரை இருபதில் வைக்க ஐஸ்கட்டியை பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுவோம். ஃபைபர் தாளை ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம் கழுவணும், லாரித் தண்ணீர் காலத்தில் முதலாளி பக்கெட்டை எண்ணிக்கொண்டு நிற்பார். ஊட்டியில் 1960-ல் அரசு ஆரம்பித்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனி இருந்த காலத்தில் அவர்களுடைய உள்ளூர் 'இந்து' (Indu) பிராண்ட் தாளாவது கிடைத்தது. இப்போது இங்கிலாந்திலிருந்து வருகிற இல்ஃபோர்ட் தாளின் விலைக்கு அப்போது என் சம்பளமே வராது. டிஜிட்டல் வந்தபோது நான் அழவில்லை, கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தூங்கினேன்.

ஆனால் ஒன்று. ஒரு தாளுக்கு வெளிச்சம் எட்டு நொடியா பத்து நொடியா என்று நாமே முடிவெடுத்து விளக்கை அணைத்துவிட்டால் அதோடு முடிந்தது. என் பையன் ஒரு போட்டோவை மூன்று வாரமாகத் திருத்துகிறான், இன்னும் முடித்தபாடில்லை.

இருட்டறைவாசி:
அண்ணே, நான் சுற்றி வளைத்ததை நீங்கள் நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள். திரும்பப் போக வழி இல்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்ததே.

பிக்சல்பாண்டி:
சம்பளத்துக்குச் செய்தவருக்கு விரல் வெடிப்பு, ஞாயிற்றுக்கிழமை செய்கிறவருக்குப் பரவசம். இதை மட்டும் மறக்க வேண்டாம். சரி, அந்தப் பாட்டி நெகட்டிவைக் கொடுங்கள், நானும் ஒரு பிரிண்ட் எடுக்கிறேன். பெயர் போடாமல் இரண்டையும் அண்ணனிடம் கொடுப்போம்.

பழைய ஸ்டூடியோக்காரன்:
கொண்டு வாங்க. முதலில் முகர்ந்துதான் பார்ப்பேன். ஹைப்போ வாடை அடித்தால் இருட்டறைவாசி ஒழுங்காகக் கழுவவில்லை, அங்கேயே அவுட்.