பின்னல் இயந்திரத்தில் கடைசி விளிம்பு இறுகாமல் முடிப்பது எப்படி?

நூற்கண்டு (கேள்வி):

வணக்கம். 200 ஊசிகளும் ஊசிக்கு ஊசி 4.5 மி.மீ. இடைவெளியும் கொண்ட தட்டை இயந்திரத்தில், கம்பளி நூலால் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறேன். துணியின் நடுப்பகுதி மென்மையாகவும் சீராகவும் வருகிறது. ஆனால் மாதிரித் துண்டுகளில் கடைசி வரிசைக் கண்ணிகளை (நூல் வளையங்களை) அவிழாதபடி மூடியதும், அந்த விளிம்பு மட்டும் கயிறுபோல் இறுகி, துணியின் அகலத்தைவிடக் குறுகிவிடுகிறது. கழுத்துப் பட்டியும் இப்படி இறுகினால் தலை நுழையாது. தவிர, பக்க விளிம்புகள் ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்கின்றன. முன்பாகத்தையும் பின்பாகத்தையும் இயந்திரத்திலிருந்து இறக்குவதற்கு முன்னால், எந்த இடத்தில் எப்படி முடிப்பது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வெண்பஞ்சு (பதில்):

விளிம்பு இறுகுவதற்குக் காரணம், மூடும்போது உருவாகும் சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் ஊசிகளுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடச் சிறியதாக அமைவதுதான். கை எவ்வளவு தளர்வாக வேலை செய்தாலும், கண்ணளவில் இதைச் சரிசெய்வது கடினம். ஆகவே அளவைக் கைக்கு விடாமல் இயந்திரத்திடமே விட்டுவிடுங்கள். நூல் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி, முதல் கண்ணியை மாற்றுக் கருவியால் (கண்ணியை ஓர் ஊசியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) எடுத்து, இரண்டு ஊசிகளுக்கும் நடுவே நிற்கும் முளையின் பின்புறமாகக் கொண்டுபோய் அடுத்த ஊசியில் மாட்டுங்கள். அந்த ஊசியை முன்னே தள்ளி, கொக்கியில் நூலை வைத்து, இரண்டு கண்ணிகளின் வழியாகவும் கையால் பின்னிழுத்துவிடுங்கள். இப்படியே கடைசி வரை செய்தால், துணி முளைகளில் தொங்கியபடியே இருப்பதால் சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் ஊசி இடைவெளியின் அளவுக்குக் குறையாமல் அமைந்துவிடும். முடிந்த பிறகே முளைகளிலிருந்து துணியைத் தூக்கி எடுக்க வேண்டும்.

விரைவான வழி ஒன்றும் உண்டு. கடைசி வரிசையை மட்டும் கண்ணியின் அளவைத் தீர்மானிக்கும் டென்ஷன் டயலை 10-இல் வைத்துத் தளர்வாகப் பின்னி, நாக்குள்ள கைக்கொக்கியால் ஒரு கண்ணியின் வழியே அடுத்த கண்ணியை இழுத்துக்கொண்டே போவது. இதில் நூல் இல்லாத பக்கத்தில் தொடங்கி நூல் இருக்கும் பக்கத்தில் முடிக்க வேண்டும்; அப்போதுதான் கடைசி வளையத்தின் வழியே நூலின் முனையை இழுத்துப் பூட்ட முடியும். அதிகம் இழுபடாத இடங்களுக்கு இது போதும். கழுத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இழைநயம் (பதில்):

மேலே சொன்னவை சரியே. ஆனால் ஸ்வெட்டரில் பெரும்பாலான இடங்களில் கண்ணிகளை மூடவே தேவையில்லை என்பதுதான் என் உறுதியான கருத்து. தோள், கழுத்து ஆகியவற்றில் துணி முடிவதில்லை. இன்னொரு பாகத்தோடு சேரப்போகிறது. அங்கே மூடிவிட்டுப் பிறகு தைத்தால், ஒரே இடத்தில் இரண்டு தடித்த விளிம்புகள் சேர்ந்து உறுத்தும்.

அதற்குப் பதிலாக, வேறு நிறத்தில், பிசிறில்லாத, ஏறக்குறைய அதே தடிமனுள்ள நூலால் கழிவு வரிசைகளாக (பிறகு பிரித்தெடுக்கும் தற்காலிக வரிசைகளாக) 6 முதல் 8 வரை பின்னுங்கள். பிறகு நூலை எடுத்துவிட்டு வெறும் கேரேஜை (ஊசிகளின்மேல் ஓடிப் பின்னும் பகுதியை) ஒருமுறை ஓட்டினால், துணி தானாகவே ஊசிகளிலிருந்து கழன்றுவிடும். ஓட்டுவதற்கு முன்பு துணியில் தொங்கும் எடைகளைக் கழற்றி, ஒரு கையால் துணியைத் தாங்கிக்கொள்வது அவசியம். கழிவு நூல் சாயம் கசியாததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; ஈரமோ நீராவியோ பட்டதும் அதன் நிறம் உங்கள் நூலில் ஏறிவிடலாம்.

தோளை இணைக்கும்போது, முன்பாகத்தின் தோள் கண்ணிகளை அதன் நல்ல பக்கம் உங்களை நோக்கும்படி ஊசிகளில் மாட்டி, அதன்மேல் பின்பாகத்தின் கண்ணிகளை நல்ல பக்கம் உள்ளே பார்க்கும்படி மாட்டுங்கள். பிறகு ஒரு தளர்வான வரிசை பின்னி, இரண்டையும் சேர்த்து மூடினால் தோள் தையல் இயந்திரத்திலேயே முடிந்துவிடும். அங்கே சற்று உறுதியாக மூடுவதே நல்லது. ஸ்வெட்டரின் மொத்த எடையும் தோளில்தான் தொங்குகிறது.

நூற்கண்டு:

மிக்க நன்றி. தோள் தெளிவாகிவிட்டது. மடித்துத் தைக்கும் கழுத்துப் பட்டிக்கு மட்டும் எந்த முறை ஏற்றது என்றும், சுருளும் விளிம்புக்கு என்ன செய்வது என்றும் சொல்ல முடியுமா?

இழைநயம் (பதில்):

கழுத்துப் பட்டியை விரும்பும் உயரத்தைப்போல் இரு மடங்கு பின்னுங்கள். மடிப்பு விழ வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரிசையைத் தளர்வாகப் பின்னினால் மடிப்பு நேர்கோடாக நிற்கும். இறுதியில் மூடாமல் கழிவு வரிசைகளோடு இறக்கி, பட்டியை மடித்து, முனை மழுங்கிய ஊசியால் ஒவ்வொரு திறந்த கண்ணியாகத் துணியோடு தைத்துவிட்டு, அதன்பிறகு கழிவு நூலைப் பிரித்தெடுங்கள். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகப் பிடிபட்டிருப்பதால், பட்டி தலைக்கு வேண்டிய அளவு விரிந்து மீண்டும் தன் நிலைக்கு வரும். தையல் நூலைக் கழுத்துச் சுற்றளவைப்போல் குறைந்தது மூன்று மடங்கு விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் நூல் போதாமல் போனால் அங்கே ஒரு முடிச்சு விழும்.

வெண்பஞ்சு (பதில்):

சுருள்வது உங்கள் குறையல்ல. ஒரு பக்கம் நேர்க்கண்ணியும் மறுபக்கம் புறக்கண்ணியுமாக அமைந்த எந்தத் துணியும் அப்படித்தான் நடந்துகொள்ளும். பக்க விளிம்புகள் பின்புறமாகவும், மேல் கீழ் விளிம்புகள் முன்புறமாகவும் சுருளும். தைத்து இணைத்த விளிம்பு அடங்கிவிடும். தைக்கப்படாத விளிம்புக்கு மடிப்போ, ரிப் பட்டியோ (நேர்க்கண்ணியும் புறக்கண்ணியும் மாறிமாறி வரும் நெகிழ்வான பட்டி), குரோஷே வரிசையோதான் நிலையான தீர்வு.

தைப்பதற்கு முன், இறக்கிய பாகங்களை ஓர் இரவு சமதளத்தில் கிடத்துங்கள். எடைகள் துணியை நீளவாக்கில் இழுத்து வைத்திருப்பதால், ஓய்வெடுத்த பிறகு நீளம் குறைந்து அகலம் கூடும். உண்மையான அளவு அதுவே. பின்னர் தேவையான அளவுக்கு விரித்துக் குண்டூசியால் குத்தி, இஸ்திரிப்பெட்டி துணியைத் தொடாமல் சற்று மேலே இருக்கும்படி பிடித்து நீராவி மட்டும் காட்டுங்கள். நன்றாக ஆறிக் காய்ந்த பிறகே குண்டூசிகளை எடுக்க வேண்டும். ரிப் பகுதிக்கு நீராவி வேண்டாம், அதன் நெகிழ்ச்சி போய்விடும். நீங்கள் கம்பளி என்று எழுதியிருக்கிறீர்கள். நூலில் அக்ரிலிக் கலந்திருந்தால் மிகுந்த வெப்பத்தில் துணி நிரந்தரமாகத் துவண்டுவிடும், ஆகவே அதை நனைத்துச் சமமாகப் பரப்பி உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த நூலானாலும் முதலில் உங்கள் மாதிரித் துண்டு ஒன்றில் செய்து பார்த்துவிட்டு ஸ்வெட்டரில் கை வையுங்கள்.