பீனியல் – தைராய்டு தொடர்பு: பழைய கட்டுரைகளும் புதியவையும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றனவா?

நிலா:
எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம். கொறித்துண்ணிகளில் மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி தைராய்டு ஹார்மோனை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று செமினார் எடுக்க வேண்டும். 1970களின் கட்டுரைகளில் மெலடோனின் (பீனியல் இரவில் சுரக்கும் ஹார்மோன்) தைராய்டை அடக்குகிறது என்பதுதான் பேச்சு. 2000க்குப் பிறகு வந்தவற்றில் தைராய்டு சுரப்பியே அதிகம் வருவதில்லை, மூளைக்குள் டி3 (தைராய்டு ஹார்மோனின் வீரியமான வடிவம்) கூடுவதும் குறைவதும்தான். இரண்டும் ஒரே பாதையா? ஹாம்ஸ்டரில் தெளிவாகக் கிடைப்பது சுண்டெலியில் ஏன் கிடைப்பதில்லை?

இரவுப்பறவை:
முதலில் பழைய பாதையைப் பிடியுங்கள். தங்கநிற ஹாம்ஸ்டரின் பார்வையைப் பறித்து நிரந்தர இருட்டில் வைத்தால் சில வாரங்களில் இரத்தத்தில் டி4 (தைராய்டு பெரும்பாலும் சுரக்கும் ஹார்மோன்) இறங்குகிறது, பீனியலை அகற்றிவிட்டால் அந்த இறக்கம் வருவதில்லை. வ்ரீண்ட், ரெய்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1970களின் பிற்பகுதியில் இதைச் செய்தார்கள், மெலடோனின் ஊசியாலும் டி4 குறைவதைக் காட்டினார்கள். இந்த ஊசி வேலையில் எவ்வளவு போட்டோம் என்பதைவிட எப்போது போட்டோம் என்பதுதான் முக்கியம். சாயங்காலம் போட்டால் இரவில் பீனியல் தானாகச் சுரப்பதோடு அது சேர்ந்துகொண்டு உடலுக்கு இரவு நீண்டுவிட்டதாகத் தெரிகிறது. நீண்ட இரவில் ஹாம்ஸ்டரின் விந்தகம் சுருங்குவதும் இதே கணக்குதான், காலையில் போடும் ஊசிக்கு அது அசைவதில்லை. ஆகவே எந்தக் கட்டுரையைப் படித்தாலும் ஊசி போட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹார்மோன்பித்தன்:
புதிய பாதை வேறு, அதைத் தனிப் படமாக வரையுங்கள். மெலடோனின் ஏற்பிகள் அடர்த்தியாக இருப்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் காம்பை ஒட்டிய பார்ஸ் டியூபராலிஸ் என்ற பகுதியில். இரவு நீளமானால் அங்கே டிஎஸ்எச் (வழக்கமாகத் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) உற்பத்தி அடங்கும், பகல் நீண்டால் எழும். அப்படி எழும் டிஎஸ்எச் தைராய்டைத் தேடிக் கீழே போகாமல் மேல்நோக்கிப் போய், மூன்றாவது மூளை அறையின் அடிப்பகுதியில் இருக்கும் டானிசைட் செல்களைத் தூண்டுகிறது. அந்தச் செல்களில் டிஐஓ2 நொதி கூடி, டி4 அங்கேயே டி3 ஆக மாறுகிறது. யோஷிமுரா குழு 2003இல் காடையில் இந்த உள்ளூர் மாற்றத்தைக் காட்டியது, 2008இல் சுண்டெலியில் மெலடோனினோடு இணைத்தது. சைபீரிய ஹாம்ஸ்டரில் குறும்பகலில் (பகல் குறுகி இரவு நீண்டிருக்கும்போது) டிஐஓ3 நொதி ஏறி, இருக்கிற டி3ஐயும் சிதைத்துவிடுகிறது. குறும்பகலில் வைத்த அதே ஹாம்ஸ்டரின் ஹைப்போதலாமஸில் (மூன்றாவது மூளை அறையைச் சுற்றிய மூளைப் பகுதி) டி3ஐ மெல்லக் கசியவிடும் பதியத்தை வைத்தபோது விந்தகமும் சுருங்கவில்லை, எடையும் இறங்கவில்லை. மெலடோனின் இரவு முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதற்கு அடுத்த படியில் டி3 கிடைத்துவிட்டதே! எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இது.

நிலா:
அப்படியானால் பார்ஸ் டியூபராலிஸில் வரும் டிஎஸ்எச் இரத்தத்தில் கலந்து தைராய்டையும் தூண்டாதா?

ஹார்மோன்பித்தன்:
கலக்கிறது, ஆனால் தூண்டுவதில்லை. அதன்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் வேறு மாதிரி, அதனால் இரத்தத்தில் இம்யூனோகுளோபுலினோடும் அல்புமினோடும் பிணைந்து செயலிழந்துவிடுகிறது. 2014இல் சுண்டெலியில் வந்த முடிவு. இந்த டிஎஸ்எச்சைச் சுரக்கும் பார்ஸ் டியூபராலிஸ் செல்கள், பிட்யூட்டரியை டிஎஸ்எச் சுரக்கத் தூண்டும் மூளை ஹார்மோனான டிஆர்எச்சுக்கும் கட்டுப்படுவதில்லை. அதனால் ஹாம்ஸ்டர் இரத்தத்தில் டி4 இறங்குவதை இந்தப் பாதையால் விளக்க முயலாதீர்கள், பல ரிவ்யூக்களில் இந்த இடத்தைக் குழப்பி வைத்திருக்கிறார்கள்.

கூண்டுக்காரன்:
சுண்டெலி விஷயம் நான் சொல்கிறேன். எல்லா ஆய்வகத்திலும் இருக்கும் சி57பிஎல்/6 வகையில் மெலடோனின் உருவாகத் தேவையான ஏஏஎன்ஏடி மரபணு பழுது, மெலடோனின் கிட்டத்தட்டச் சுரப்பதே இல்லை. அதில் பீனியலை எடுத்துப் பார்த்துவிட்டு "மாற்றமில்லை" என்று எழுதினால் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. சிபிஏ, சி3எச் வகைகள் சுரக்கும், ஆனால் சி3எச் எலிகளுக்கு விழித்திரைச் சிதைவு உண்டு, வெளிச்ச சோதனை என்றால் யோசித்து எடுக்க வேண்டும். சுண்டெலியைவிடப் பெரிய ஆய்வக எலிகள் (rat) பெரும்பாலும் பகல் நீளத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, எஃப்344 வகை விதிவிலக்கு. அப்புறம் போலந்தின் லோட்ஸ் நகரில் லெவின்ஸ்கி குழு எலித் தைராய்டைத் தனியாக வளர்ப்பூடகத்தில் வைத்தே மெலடோனின் கொடுத்துப் பார்த்தது. ஹார்மோனைச் சுரக்கும் நுண்குமிழ்ச் செல்கள் பிரிந்து பெருகுவது குறைந்தது, டிஎஸ்எச் சேர்த்துத் தூண்டியபோதும் கூட. அங்கே மூளையும் இல்லை, பிட்யூட்டரியும் இல்லை. இதை மூன்றாவது பாதையாகப் போடுங்கள்.

நிலா:
நன்றி அண்ணா, எல்லோருக்கும். இனி ஒவ்வொரு கட்டுரைக்கும் எலி வகை, வெளிச்ச நேரம், ஊசி நேரம், டி4 அளந்தது இரத்தத்திலா ஹைப்போதலாமஸிலா என்று அட்டவணை போடப் போகிறேன். முடிந்ததும் இங்கேயே பதிவிடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.