பாயிண்டின் மேல் எஞ்சின் நின்றுபோன அனுபவங்கள்

கரிப்புகை, சாட்ஸ்வர்த்:
சென்ற தீபாவளியன்று நடந்தது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. என்னுடையது ஒரு மாதிரி ரயில்: 16.5 மில்லிமீட்டர் அகலப் பாதை, பிளாஸ்டிக் ஃப்ராக் (தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் முனை) உள்ள ஆறு பாயிண்டுகள் (பாதை இரண்டாகப் பிரியும் இடங்கள்), சாதாரண டிசி (நேர் மின்னோட்டக்) கட்டுப்பாடு. ரயில்வேயில் ஷண்டிங் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமனார் அன்றுதான் முதன்முறையாக அதைப் பார்க்க வந்திருந்தார். யார்டில் எஞ்சின் எவ்வளவு மெதுவாக நகருமோ அவ்வளவு மெதுவாக, நான்கு சக்கரச் சிறிய எஞ்சினை அவர் முன் ஓட்டிக் காட்டினேன். மூன்றாவது பாயிண்டில், சரியாக ஃப்ராக்கின் மேல், அது நின்றுவிட்டது, விளக்கும் அணைந்தது. மாமனார் ஒன்றும் பேசாமல் சுட்டுவிரலால் அதன் பின்புறத்தைத் தொட்டு நகர்த்திவிட்டார். ஐந்தாவது பாயிண்டில் மறுபடியும் நின்றது. மறுபடியும் அதே விரல் நீண்டது. தண்டவாளத்தையும் சக்கரங்களையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எத்தனையோ முறை துடைத்துவிட்டேன். கேப் டவுனின் சால்ட் ரிவர் பணிமனையில் 1947இல் பிறந்த எஸ் 1 வகை நீராவி எஞ்சினின் 1:64 மாதிரி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. எட்டுச் சக்கரமும் மின்சாரம் எடுக்கும் அந்த எஞ்சின் இதே பாயிண்டுகளைத் தயங்காமல் கடக்கிறது.

கடற்காற்று, மெரிபேங்க்:
அண்ணா, எனக்கும் இதே அனுபவம் உண்டு. டர்பன் மார்க்கெட் சதுக்கத்திலிருந்து பாயிண்ட் என்ற பெயருள்ள துறைமுகப் பகுதி வரை 1860 ஜூன் 26ஆம் தேதி ஓடத் தொடங்கிய பாதையைத்தான் நான் மாதிரியாகக் கட்டிவருகிறேன். அதே ஆண்டு நவம்பரில் மதராஸிலிருந்து நம் முன்னோர் வந்திறங்கிய கரை அது என்பதால் வேறு எந்தப் பாதையையும் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்றைய பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். எனவே 1:87 அளவில் நம் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் எஞ்சின் மிகச் சிறியது, பாயிண்டுதோறும் நின்றது. ஓர் இரவு வெறுத்துப்போய், எஞ்சின் நின்ற இடத்திலேயே பாயிண்டின் நாக்கை (பாதையை மாற்ற நகரும் கூரான தண்டவாளத் துண்டை) ஒரு தீக்குச்சியால் பக்கத்துத் தண்டவாளத்தோடு சேர்த்து அழுத்தினேன். எஞ்சின் துள்ளி ஓடியது. ஜல்லி ஒட்டிய பசை நாக்கின் நுனியில் படிந்து தொடர்பைத் தடுத்திருக்கிறது. இந்தக் கடலோர ஈரத்தில் அந்த நுனித் தொடர்பை மட்டும் நம்பவே கூடாது. இரண்டு நாக்குகளையும் அந்தந்தப் பக்கத்துத் தண்டவாளத்தோடு மெல்லிய கம்பியால் ஈயம் வைத்து இணைத்துவிட்டேன். உங்களுக்கும் கோளாறு நாக்கில்தான் இருக்கும்.

இரட்டைத்தடம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
மெரிபேங்க் அம்மா சொல்வதை நான் ஏற்கவில்லை. எஞ்சின் ஃப்ராக்கின் மேல் நின்றது என்று அண்ணா தெளிவாக எழுதியிருக்கிறார். நாக்கில் கோளாறு என்றால் அது ஃப்ராக்கை எட்டுவதற்கு முன்பே நின்றிருக்கும். மேலும், நாக்கும் ஃப்ராக்கும் உலோகத்தால் இணைந்திருக்கும் மின்னோட்ட ஃப்ராக் பாயிண்டில் அந்த இணைப்பை வெட்டாமல் நீங்கள் சொன்னபடி கம்பி வைத்தால் நேராக ஷார்ட் ஆகிவிடும். படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என் அனுபவம் சிறியதுதான். இருட்டிய அறையில், எஞ்சின் பாயிண்டைக் கடக்கும்போது சக்கரத்தின் பின்புறம் திறந்திருந்த நாக்கை உரசி ஒரு நீலப்பொறி பறந்தது. அதோடு எல்லாம் நின்றுவிட்டது. ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உள் இடைவெளியை அளந்தால் 14 மில்லிமீட்டர்கூட இல்லை; 14.5 ஆக்கிய பிறகு பொறி வரவில்லை.

அண்ணாவின் எஞ்சினில் ஒரு பக்கத்துக்கு இரண்டே சக்கரங்கள். ஒன்று பிளாஸ்டிக்கின் மேல் ஏறியதும் அந்தப் பக்கம் முழுவதும் மற்ற ஒன்றை மட்டுமே நம்பியிருக்கிறது. அது ஒரு காகிதத்தின் தடிமன் அளவு தூக்கி நின்றாலும் மின்சாரம் போய்விடும். ஆகவே முதலில் எஞ்சினை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் சிகரெட் தாளைச் செருகிப் பாருங்கள். தாள் தடையில்லாமல் நழுவுகிற சக்கரம்தான் குற்றவாளி. அதன் பிறகு, சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் பிக்கப் தகடுகள் நான்கு சக்கரங்களையும் மெதுவாகத் தொடுகின்றனவா என்று பாருங்கள். அழுத்தம் கூடினால் சக்கரமே சுழலாது. பாயிண்டின் அடியில் பலகை மேடு தட்டியிருந்தால் ஆணியைத் தளர்த்துங்கள், ஏனெனில் ஆணியை இறுக அடித்தே பலர் பாயிண்டை வளைத்துவிடுகிறார்கள். இவ்வளவுக்கும் மசியாவிட்டால் ஒரு சரக்குப் பெட்டியின் சக்கரங்களிலும் பிக்கப் வைத்து, எஞ்சினோடு நிரந்தரமாகக் கோத்து, மெல்லிய கம்பியால் இணைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் பெயர்த்து எடுக்கும் துணிவு இருந்தால் மின்னோட்ட ஃப்ராக் பாயிண்டுகளுக்கு மாறுங்கள். ஃப்ராக்கிலிருந்து புறப்படும் இரண்டு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான் போட்டு, பாயிண்டோடு சேர்ந்து மாறும் ஒரு சுவிட்ச் வழியாக ஃப்ராக்குக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்.

நடைமேடை, ஃபீனிக்ஸ்:
இவ்வளவு பாடு எதற்கு? நான் எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடரோடு (கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சிறு மின்னணுப் பலகை), மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்தேன். என் மகள் தண்டவாளத்தின் குறுக்கே ஒரு துண்டுக் காகிதத்தை வைத்தாள். எஞ்சின் அதன் மேலேயே ஏறிப் போனது. அவள் கைதட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இரட்டைத்தடம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
தம்பி, உங்களுடையது டிசிசி, அதாவது டிஜிட்டல் கட்டளைக் கட்டுப்பாடு. அண்ணாவினுடையது டிசி, அங்கே திசையை மாற்றும்போது நேர், எதிர் முனைகளும் மாறுவதால், மோட்டாரின் குறுக்கே நேரடியாக வைத்த, முனை மாறக் கூடாத எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வெடிக்கவும் கூடும். தயவுசெய்து அவரை அந்த வழியில் அனுப்பாதீர்கள்.

கரிப்புகை, சாட்ஸ்வர்த்:
கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கப் பின்சக்கரத்தின் அடியில் தாள் தாராளமாக நழுவியது. அச்சு உட்காரும் பள்ளத்தில் வார்ப்பின் பிசிறு ஒன்று இருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, பிக்கப்புகளையும் சரிசெய்தேன். காவடி முடிந்த மறுவாரம் மாமனார் வந்தார். எஞ்சின் மூன்றாவது பாயிண்டை நெருங்கியதும் அவருடைய விரல் தானாகவே நீண்டது. எஞ்சின் நிற்காமல் அந்த விரலைக் கடந்து போயிற்று. ஆனால் ஐந்தாவது பாயிண்டில் இன்னும் நிற்கிறது. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கே அது நிற்பது ஃப்ராக்கின் மேல் அல்ல, ஃப்ராக்குக்குச் சற்று முன்னால். மெரிபேங்க் அம்மா சொன்ன தீக்குச்சியை இன்றிரவு வைத்துப் பார்க்கப் போகிறேன்.