கார்ட்ரிட்ஜ் ஆயில் ஃபில்டர் மாத்தினதுல இருந்து காலையில் சத்தம்: வெளிக் கம்பெனி ஃபில்டர்தான் காரணமா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. என் காரில் இருப்பது டப்பாவோட கழட்டி எறியும் ஃபில்டர் இல்லை. எஞ்சினிலேயே ஒரு கூடு, அதுக்கு பிளாஸ்டிக் மூடி, உள்ளே பேப்பர் கார்ட்ரிட்ஜ் மட்டும். இதுவரை கார் கம்பெனி பெட்டியில் வரும் ஒரிஜினல்தான் போட்டிருக்கேன். போன வாரம் முதல் தடவையா வெளிக் கம்பெனி ஃபில்டர் வாங்கி நானே மாத்தினேன். ஆயில் அதே கிரேடு, அதே அளவு.

மறுநாள் காலையிலிருந்து ஸ்டார்ட் பண்ணினா ஆயில் விளக்கு அணைய நாலஞ்சு செகண்ட் ஆகுது. அதுவரை எஞ்சின் மேல்பக்கம் டிக் டிக்னு சத்தம். முன்னாடி ஒரு செகண்டுக்குள்ள விளக்கு போயிடும். நிறுத்திட்டு உடனே போட்டா ஒண்ணும் இல்லை, ராத்திரி முழுக்க நின்னா மட்டும்தான். வெளியே ஒரு சொட்டு கசிவும் கிடையாது.

பேப்பர் தரம் சரியில்லாததாலதானா? ஒரிஜினலுக்கே திரும்பிடட்டுமா? தினமும் காலையில் சாவியைத் திருப்பும்போது பதறுது.

பதில் 1

யோசிக்காதீங்க, ஒரிஜினல் வாங்கிப் போடுங்க. எஞ்சின் விஷயத்துல சோதனை வேண்டாம்.

பதில் 2

நண்பரே, ஒரிஜினல் வாங்குறதுக்கு முன்னாடி மூடியை ஒருதடவை கழட்டிப் பாருங்க. நீங்க சொல்ற அறிகுறி பேப்பர் சரியில்லாத அறிகுறி மாதிரி இல்லை. ராத்திரியில் கூட்டிலிருந்து ஆயில் சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்கிப் போகுது. காலையில் பம்ப் முதலில் அந்தக் காலிக் கூட்டை நிரப்பணும், அப்புறம்தான் மேலே ஏத்தும். அந்த நாலஞ்சு செகண்ட் அதுதான்.

டப்பா ஃபில்டரில் ஆயில் திரும்ப இறங்காம தடுக்கும் ரப்பர் வால்வு டப்பாவுக்குள்ளேயே இருக்கும். அங்கே மட்டமான ஃபில்டர் போட்டா இதே தொல்லை வரும், பழியும் ஃபில்டர் மேலதான். கார்ட்ரிட்ஜ் வகையில் அந்த வால்வு பெரும்பாலும் கூட்டிலேயே இருக்கு. ஃபில்டர் அடைச்சுக்கிட்டா ஆயிலை நேரா விடும் பைபாஸ் வால்வும் பல எஞ்சின்களில் மூடியிலோ கூட்டிலோதான். அதனால வெறும் பேப்பரை மாத்தினதுக்கு இப்படி ஆச்சுன்னா என் சந்தேகம் ஆயிலை அடைக்கும் ரப்பர் ரிங் (ஓ-ரிங்) மேல போகுது.

மூடியோட நடுவில் கீழ்நோக்கி ஒரு தண்டு இருக்கா பாருங்க. பல எஞ்சின்களில் அந்தத் தண்டோட நுனியில் சின்ன ஓ-ரிங் ஒண்ணோ ரெண்டோ இருக்கும். கூட்டோட அடியில் சம்ப்புக்குப் போகும் ஒரு ஓட்டை உண்டு. மூடியைக் கழட்டும்போது கூட்டில் இருக்கும் ஆயில் அது வழியா இறங்கணும், அதுக்காக வெச்சது. மூடியை முழுசா இறுக்கினதும் தண்டு நுனி அந்த ஓட்டையை அடைக்கும். சின்ன ரிங் கெட்டிருந்தா அடைப்பு சரியா விழாது. நின்னா ஆயில் இறங்கும், ஓடும்போது அழுத்தத்தில் கொஞ்சம் அந்த வழியா வீணாகும். கசிவு உள்ளுக்குள்ளேயே நடக்குறதால வெளியே எதுவும் தெரியாது. விளக்கு அணைஞ்சிடுச்சேன்னு நிம்மதியாகவும் இருக்காதீங்க. அழுத்தம் ரொம்பவே விழுந்தாதான் அது எரியும். இதைப் பார்த்து முடிக்கிற வரைக்கும் வண்டியை விரட்டி ஓட்டாதீங்க.

ஒண்ணு சொல்லுங்க: பெட்டியில் மொத்தம் எத்தனை ரிங் வந்துச்சு? எத்தனை மாத்தினீங்க?

கேட்டவர்

அண்ணே, மூணு வந்துச்சு. பெரிய ரிங், டிரெயின் நட்டு வாஷர் ரெண்டையும் மாத்தினேன். சின்ன ரிங் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. பெட்டி மேல நிறைய மாடல் பேர் போட்டிருந்ததால அது வேற காருக்குன்னு நினைச்சு டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். நாளைக்குக் கழட்டிப் பார்க்கிறேன்.

பதில் 3

கழட்டும்போதே பேப்பரையும் ஒப்பிட்டுப் பாருங்க. கார்ட்ரிட்ஜில் எல்லாம் கண்ணுக்கு முன்னாடியே இருக்கு, டப்பாவை அறுக்க வேண்டியதில்லை. மடிப்பை எண்ணுங்க. மடிப்பு எண்ணிக்கை × 2 × ஆழம் × உயரம் போட்டா வடிகட்டும் பரப்பு வந்துடும். 50 மடிப்பு, 1.5 செ.மீ. ஆழம், 8 செ.மீ. உயரம்னா 1,200 சதுர செ.மீ. பரப்பு அதிகம்னா அழுக்கு தாங்கும் அளவு கூடும். ஆனா மடிப்புகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்தா அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை, ஆயில் உள்ளே போக இடைவெளி வேணும்.

அதைவிட முக்கியம் ரெண்டு முனையும். முனைத் தகடு தண்டைச் சுத்தி இறுக்கமா உட்காரணும். அங்கே இடைவெளி விட்டா அழுக்கு ஆயில் பேப்பரைத் தொடாமலே தாண்டிப் போயிடும், பேப்பர் எவ்வளவு உசத்தியா இருந்தும் பயனில்லை. உயரம் குறைஞ்சு முனை சரியா உட்காரலைன்னாலும் இதே கதி.

அப்புறம், "ஒரிஜினல்" என்பதை பெரும்பாலும் கார் கம்பெனியே செய்யுறதில்லை. மான், மாலே, ஹெங்ஸ்ட் மாதிரி ஃபில்டர் கம்பெனிகள் கார் கம்பெனிகளுக்கும் கொடுக்குறாங்க, தங்கள் பேரிலும் விற்குறாங்க. ஆக வெளிக் கம்பெனின்னு எல்லாத்தையும் ஒரே கூடையில் போட முடியாது. பெட்டியில் "99% வடிகட்டும்"னு மட்டும் எழுதியிருந்தா நம்பாதீங்க. எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் 99% என்பதும், ஆயில் ஃபில்டருக்கான சர்வதேச ஐஎஸ்ஓ 4548-12 சோதனைப்படியா என்பதும் சேர்ந்து இருந்தாதான் ரெண்டு ஃபில்டரை ஒப்பிட முடியும்.

பதில் 2

இவர் சொன்னதோட ஒண்ணு. சில கார்களில் ஃபில்டருக்கு நடுவில் நிற்கும் சல்லடைக் குழாய் தனியா இருக்கும். பழைய ஃபில்டரோட ஒட்டிக்கிட்டு குப்பைக்குப் போயிடும், அப்புறம் புதுப் பேப்பர் அழுத்தத்தில் உள்ளே நசுங்கும். அதையும் பார்த்துடுங்க. ரிங்குக்குப் புது ஆயில் தடவி, சரியான பள்ளத்தில் போடுங்க. மூடியை டார்க் ரெஞ்ச்ல (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), மூடி மேலேயே போட்டிருக்கும் அளவுக்கு இறுக்குங்க. நிறைய கார்களில் 25 நியூட்டன் மீட்டர்தான். அதுக்கு மேல போனா பிளாஸ்டிக்கில் விரிசல் விழலாம்.

கேட்டவர்

கழட்டிட்டேன். தண்டு நுனியில் பழைய சின்ன ரிங் தட்டையா, கல்லு மாதிரி இறுகிப் போய், ஓரத்தில் வெட்டுப்பட்டு இருந்துச்சு. மிச்சம் வெச்சிருந்த ரிங் அந்தப் பள்ளத்தில் கச்சிதமா உட்கார்ந்தது. சல்லடைக் குழாய் பத்திரமா இருக்கு.

மடிப்பையும் எண்ணிட்டேன். எடுத்து வெச்சிருந்த பழைய ஒரிஜினலில் 54, புதுசில் 46. ஆழமும் உயரமும் ரெண்டிலும் ஒண்ணுதான். பரப்பு கிட்டத்தட்ட 15% குறைவு. ஆனா முனைத் தகடு தண்டில் இறுக்கமாவே உட்காருது, மடிப்புகளும் சீரா இருக்கு. அதனால அதையே திரும்பப் போட்டுட்டேன். ஆயில் மாத்தும் கி.மீ.யை மட்டும் நீட்டிக்க மாட்டேன்.

மூணு நாளா காலையில் பார்த்துட்டேன். விளக்கு ஒரு செகண்டுக்குள்ள அணையுது, டிக் டிக் சுத்தமா இல்லை. கூட்டைத் திறந்ததில் கொஞ்சம் ஆயில் போயிருந்தது, அளவுகோல் பார்த்து ஊத்திட்டேன். பதில் 1 எழுதின நண்பருக்கும் நன்றி. ஆனா அன்னைக்கே ஒரிஜினல் வாங்கி, பெரிய ரிங்கை மட்டும் மாத்தியிருந்தா இதே சத்தம்தான் கேட்டிருக்கும்.