டையில் அழுத்திய பிறகு .308 கூடு போல்ட்டை இறுக்குகிறது, ஏன்?

பீளமேடு பட்டறை:
நான் மோட்டாருக்கு பிரஸ் டூல் செய்கிறவன். கேள்வி என் அண்ணனுடையது. அவர் டெக்சாஸில் இருக்கிறார், சுட்ட ரைஃபிள் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைத் தாமே மறுபடி நிரப்பிக்கொள்கிறார். .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன். சுட்ட கூட்டை அப்படியே சேம்பரில், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையில், திரும்ப வைத்தால், அந்த அறையை அடைக்கும் போல்ட் சுலபமாக மூடுகிறது. அதையே, கூட்டை முழு நீளத்துக்கும் நெருக்கும் ஃபுல் லெங்த் டையில் அழுத்தி எடுத்துவிட்டு வைத்தால் கைப்பிடி பாதியில் முரண்டு பிடிக்கிறது. சிறிதாக்கத்தானே டை? வெறும் கூடுதான், மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லை.

ஈரோட்டுக்காரர்:
கழுத்து நீண்டிருக்கும். மொத்த நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 2.005க்கு வெட்டச் சொல்லுங்கள்.

பீளமேடு பட்டறை:
அண்ணன் அளந்துவிட்டார், 2.008தான்.

காங்கயம் டூல்ரூம்:
தம்பி, கழுத்தை விடுங்கள், அதற்குக் கீழே சரிவாக இருக்கும் தோளைப் பாருங்கள். டை முழுதாக இறங்கவில்லை. கூட்டின் உடம்பை டைச் சுவர் நெருக்கும்போது பித்தளை எங்கே போகும்? மேலே ஏறித் தோளை முன்னுக்குத் தள்ளும். டையின் தோள் வந்து அதைப் பின்னுக்கு அழுத்துவதற்குள், கூட்டை டைக்குள் தள்ளும் ராம் நின்றுவிட்டால், சுட்டபோது இருந்ததைவிட நீண்ட கூடுதான் கைக்கு வரும். தகட்டை டையில் இழுத்துக் குழியாக்கும் டீப் டிரா செய்கிற உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

காலியாக இருக்கும்போது டை, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும், அதை நம்பாதீர்கள். கூட்டை வைத்து அழுத்தினால் பிரஸ் சட்டம் சற்று விரியும். கைப்பிடி முழுதும் கீழே இருக்கும்போது பின்னால் ஒரு டார்ச்சைப் பிடித்து, டைக்கும் ஹோல்டருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தெரிந்தால் டையைக் கொஞ்சம் இறக்க வேண்டும். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான்: அங்குலத்துக்கு 14 மரை, ஒரு முழுச் சுற்று 0.071 அங்குலம். பத்து டிகிரி திருப்பினாலே 0.002 அங்குலம் இறங்கிவிடும்.

சத்தியமங்கலம்:
அளக்காமல் திருப்பவே வேண்டாம். தோள் வரையிலான நீளத்தை அளக்க உதவும் கம்பேரட்டரை வெர்னியரில் மாட்டி, சுட்ட கூட்டின் தோளை முதலில் அளக்கட்டும். பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு அளக்க வேண்டும், அது துருத்திக்கொண்டிருந்தால் கணக்கு பொய்யாகும். போல்ட் ஆக்‌ஷனுக்கு அதைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் பின்னால் போனால் போதும். மூடுவதற்குச் சுகமாக இருக்கிறதே என்று மேலும் இறக்கினால், ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை அடிப்பக்கத்தில் இழுபட்டு மெலியும். அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அந்தக் கூட்டைக் குப்பையில் போடுங்கள். மசகும் அளவாக இருக்கட்டும். தோளில் தேங்கினால் அங்கே குழி விழும்.

ஈரோட்டுக்காரர்:
படிக்கிற மற்றவர்களுக்கு: இதெல்லாம் டெக்சாஸ் கதை. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவு பாயும். பட்டறையில் டை இருக்கிறதே என்று யாரும் கை வைக்க வேண்டாம்.

பீளமேடு பட்டறை:
வெளிச்சம் தெரிந்ததாம்! அழுத்திய கூடு, தோள் வரை அளந்தால், சுட்ட கூட்டைவிட 0.003 அங்குலம் நீண்டிருந்தது. சிறிது சிறிதாக இறக்கி, இப்போது 0.002 குறைவாக வருகிறது. போல்ட் தடையில்லாமல் மூடுகிறது. நண்பர் ஒருவரின் .308 கூடுகளையும் இதே அமைப்பில் அழுத்தலாமா என்று அண்ணன் கேட்கிறார்.

காங்கயம் டூல்ரூம்:
கூடாது. அந்த ரைஃபிளின் சேம்பர் வேறு. அதில் சுட்ட கூட்டைத் தனியாக அளந்து, டையை அதற்கென்று வைக்கட்டும்.