ஷேல் பாறைக்குள் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு அங்கேயே தங்குமா?

கேள்வி
கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி எஞ்சிய எண்ணெயை வெளிக்கொணரும் முறை, டெக்சாஸின் சாக்ரோக் வயலில் 1972 முதல் பெரிய அளவில் நடந்து வருவதாகப் படித்தேன். அது சுண்ணாம்புப் பாறை. வடக்கு டகோட்டாவின் பாக்கன் போன்ற ஷேல் (களிமண் படிந்து இறுகிய பாறை) அடுக்குகளில் இது பலிக்குமா? நீரே எளிதில் ஊடுருவாத பாறைக்குள் வாயு எப்படிப் புகும் என்பதும், புகுந்த வாயு திரும்பி வராதா என்பதும் எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி 1
சுண்ணாம்புப் பாறையிலும் மணற்பாறையிலும் ஒரு கிணற்றில் வாயுவைச் செலுத்தி, எண்ணெயை அடுத்த கிணற்றை நோக்கித் தள்ளுகிறார்கள். ஷேலில் அதையே செய்தால், நீரழுத்தத்தால் உண்டாக்கிய விரிசல்களின் வழியாக வாயு நேரே அடுத்த கிணற்றுக்கு ஓடிவிடும். நுண்துளைகளில் இருக்கும் எண்ணெய் அசையாமல் கிடக்கும். ஆகவே பெரும்பாலும் ஒரே கிணற்றிலேயே வாயுவைச் செலுத்தி, சில நாள்களோ வாரங்களோ மூடி ஊறவிட்டு, பிறகு அதே கிணற்றைத் திறந்து எண்ணெய் எடுக்கும் முறையைச் சோதிக்கிறார்கள்.

ஊறும் காலத்தில்தான் வேலை நடக்கிறது. 31 டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கார்பன் டை ஆக்சைடு, நீர்மத்தின் அடர்த்தியை நெருங்கியும் வாயுவைப் போல எளிதில் பரவியும் நடந்துகொள்கிறது. ஷேல் அடுக்குகளின் ஆழத்தில் இவ்விரண்டும் தாராளமாகவே கிடைக்கின்றன. விரிசலின் சுவரிலிருந்து அது மூலக்கூறு மூலக்கூறாகப் பாறைக்குள் விரவி, எண்ணெயில் கரைந்து, அதை உப்பச் செய்து, பாகுத்தன்மையைக் குறைக்கிறது. எண்ணெயின் லேசான கூறுகளையும் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. பாக்கனில் முதற்கட்ட உற்பத்தி பெரும்பாலும் இருப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை என்பதால், இதில் சிறு முன்னேற்றமும் பெரிய தொகையாகும். (பாக்கனில் எண்ணெய் பெரிதும் எடுக்கப்படுவது ஷேலிலிருந்து அன்று; இரு ஷேல் அடுக்குகளுக்கு நடுவிலுள்ள இறுகிய பாறையிலிருந்தே என்பதையும் மறக்கக் கூடாது.)

கேள்வி கேட்டவர்
தெளிவாயிற்று, நன்றி. ஆனால் அதே கிணற்றைத் திறக்கும்போது செலுத்திய வாயுவும் எண்ணெயோடு வந்துவிடுமே?

மறுமொழி 2
வரும், அதுவும் கணிசமாக வரும். அதைப் பிரித்து, அழுத்தி, மீண்டும் செலுத்தாவிட்டால் அந்தத் திட்டத்தைக் கார்பன் டை ஆக்சைடை நிலத்தடியில் சேமிக்கும் திட்டம் என்று அழைப்பது நேர்மையாகாது என்பதே என் உறுதியான கருத்து. தங்கும் பங்கில் ஒரு பகுதி எஞ்சிய எண்ணெயிலும் நீரிலும் கரைந்திருக்கும். மற்றொரு பகுதியை, மீத்தேனைவிடக் கார்பன் டை ஆக்சைடையே வலுவாகப் பற்றும் கெரோஜன் என்ற கரிமப் பொருள் தன் பரப்பில் பிடித்துக்கொள்ளும்.

வாயுவின் பிறப்பிடத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்க எண்ணெய் வயல்களுக்குச் சென்ற கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி, கொலராடோவின் மெக்எல்மோ போன்ற இயற்கைத் தேக்கங்களிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. அதை இன்னொரு பாறைக்கு மாற்றுவதால் வளிமண்டலத்துக்கு எந்த நன்மையும் இல்லை. கனடாவின் வேபர்ன் வயல் வேறு வகை: அங்கே 2000 முதல், வடக்கு டகோட்டாவில் நிலக்கரியை வாயுவாக்கும் ஆலையின் கழிவு வாயு குழாய் வழியே செல்கிறது. அங்கும்கூட, எடுத்த எண்ணெயை எரிக்கும்போது பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.43 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதைக் கணக்கில் எழுதியே ஆக வேண்டும்.